சாயத்தின் ரகசியத்தைத் திறந்த சென்னைக்காரர்

ரசாயன மேதை டாக்டர் கே. வெங்கடராமனின் வாழ்க்கை

கொடுங்கையூரிலிருந்து தென்கிழக்கே தண்டையார்பேட்டை வழியாகப் போனால் வண்ணாரப்பேட்டை வரும். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் நெசவாளிகளிடம் வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது. துவைக்கத் தண்ணீரும், விரித்து உலர்த்தத் திறந்த வெளியும் உள்ள இடத்தில் அவர்கள் குடியமர்ந்தார்கள். வெளுத்த துணியில் சாயம் ஏற்றுவதும், பூவும் கொடியும் எழுதுவதும் இந்தக் கரையோரத்தின் பழைய தொழில். அந்தச் சீட்டித் துணியைக் கண்டு மேல்நாட்டார் மயங்கினார்கள். துவைத்தாலும் வெளுக்காத சிவப்பு அது.

அந்தச் சிவப்பைத் தந்தது ஒரு சிறு செடியின் வேர். மணற்பாங்கான கரையோர நிலத்தில் வளரும் இம்பூறல் என்ற செடி அது. சாயவேர் என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு.

அதே கொடுங்கையூரிலிருந்து தென்மேற்கே போனால் பெரம்பூர். அங்கேதான் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் தோன்றி, காக்கித் துணிக்குப் பேர்போன அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட ஆலைகள் ஓங்கி நின்ற காலத்தில் அவற்றுக்கு வேண்டிய சாயச் சரக்கு சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. உலகத்துக்கே சாயத் துணி அனுப்பிய ஊர், சாயத்துக்காகத் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும்படி ஆயிற்று.

இந்த மாற்றம் எப்படி வந்தது? போனதைத் திருப்பிக் கொண்டுவர என்ன வழி? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் கே. வெங்கடராமன். அவர் பிறந்ததும் இதே சென்னையில்தான்.

தாரிலிருந்து பிறந்த நிறம்

அவர் பிறப்பதற்கு 45 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு காரியம் நடந்தது. வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், மலைக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகச் செய்து பார்க்க முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருள்களே அவருக்கு மூலப்பொருள். கொயினா கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பட்டுத் துணியில் பிடித்துக்கொள்ளும் ஊதா நிறம் ஒன்று கிடைத்தது. அது நடந்த வருஷம் 1856. செயற்கைச் சாயத் தொழில் அன்று பிறந்தது.

1868-ல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தாரில் உள்ள ஆந்த்ரஸீன் என்ற பொருளிலிருந்து அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தைச் செய்தார்கள். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்து வந்த சிவப்பு அது. நம் சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மதுரைச் சாயக்காரர்களும் வேரைக் கைவிட்டுச் சீமை அலிசரினை வாங்கலானார்கள். வேரைத் தோண்டிப் பிழைத்தவர்களின் பிழைப்பு போயிற்று.

1897-ல் அடுத்த அடி விழுந்தது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைக் கடைக்குக் கொண்டு வந்தது. வங்காளம், பீகார் முதல் நம் தென்னாற்காடு வரை பயிராகி வந்த அவுரியின் மவுசு சில வருஷங்களுக்குள் சரிந்தது.

அவர்கள் செய்ததை நாமும் செய்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருந்தது. தாரிலிருந்து ஒரே தாவலில் சாயத்துக்குப் போக முடியாது. முதலில் தாரைக் காய்ச்சி வடித்து பென்ஸீன், டொலுயீன், நாஃப்தலீன், ஆந்த்ரஸீன் ஆகியவற்றைப் பிரிக்க வேண்டும். அப்புறம் பென்ஸீனிலிருந்து அனிலீன், நாஃப்தலீனிலிருந்து நாஃப்தால், ஆந்த்ரஸீனிலிருந்து ஆந்த்ரகுவினோன் என்று இடைநிலைப் பொருள்களைச் செய்துகொள்ள வேண்டும். இந்த இடைநிலைப் பொருள்களை ஒன்றோடொன்று கூட்டினால்தான் சாயம்.

நம் வீட்டுச் சமையலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அரைத்த மாவு கையில் இருந்தால் இட்டிலியும் ஆகும், தோசையும் ஆகும், பணியாரமும் ஆகும். மாவு இல்லாதவர் அடுத்த வீட்டுக்காரர் வார்த்துக் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். ஜெர்மானியர் வைத்துக்கொண்டிருந்தது அந்த மாவை. அதை அரைக்கும் பக்குவத்தை அவர்கள் வெளியே சொல்லவில்லை.

சென்னையிலிருந்து மான்செஸ்டருக்கு

வெங்கடராமன் 1901-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி சென்னையில் பிறந்தார். அதே 1901-ல் ரெனே போன் என்ற ரசாயனி, ஆந்த்ரகுவினோன் வழியாக இண்டாந்த்ரோன் என்ற கெட்டி நீலத்தைக் கண்டுபிடித்தார். வெயிலுக்கும் துவைப்புக்கும் அசையாத சாயம் அது. அந்த இனத்துச் சாயங்களை ஆராய்ந்து எழுதப்போகிற குழந்தையும் அந்தச் சாயமும் ஒரே வயது.

அவருக்கு 13 வயதாகும்போது, 1914-ல், முதல் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மன் கப்பல்கள் நின்றன. சாயத்தின் விலை ஏறியது. நெசவாளிகளும் சாயக்காரர்களும் திண்டாடினார்கள். ஒரு நாட்டின் தறிகள் கடலுக்கு அப்பாலுள்ள தொழிற்சாலைகளை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது அப்போது தெரிந்தது.

வெங்கடராமன் கடற்கரையை அடுத்துள்ள ராஜதானிக் கல்லூரியில் ரசாயனம் படித்தார். இன்று மாநிலக் கல்லூரி என்று வழங்குவது அதுதான். 1923-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். சென்னை அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் கிடைக்க, மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றார்.

அவர் போய்ச் சேர்ந்தது மான்செஸ்டர். நம் தறிகளை ஓய வைத்த மில் துணியின் தலைநகரம். அங்கே அவர் சாய ரசாயனத்தைத் தனிப் பாடமாகப் பயின்றார். பிறகு ராபர்ட் ராபின்ஸனிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். பூக்களுக்கும் பழங்களுக்கும் நிறம் தரும் பொருள்களை ஆராய்ந்தவர் ராபின்ஸன். பின்னாளில், 1947-ல், நோபல் பரிசு பெற்றவர். ஒரு பொருளின் நிறம் அதன் அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்தப் பாடத்தை அவர் சரியான குருவிடமே கற்றார்.

லாகூரில் கிடைத்த புகழ்

1927-ல் தாய்நாடு திரும்பிய வெங்கடராமன், முதலில் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சில காலம் ஆராய்ச்சி செய்தார். பிறகு லாகூரில் ஃபார்மன் கிறிஸ்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். லாகூர் அப்போது பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்தது.

அங்கே அவர் கவனம் ஃப்ளேவோன் என்ற பொருள்களின் மேல் சென்றது. பல செடிகளின் பூவிலும் இலையிலும் பட்டையிலும் உள்ள மஞ்சள் நிறப் பொருள்கள் இவை. பழங்காலத்து மஞ்சள் சாயங்கள் பலவற்றின் உயிர் இந்த இனத்தில் இருக்கிறது. இவற்றைச் சோதனைச்சாலையில் செய்ய ஒரு சுருக்கமான வழி வேண்டும்.

1933, 1934-ல் அவரும் அவருடைய மாணவர் மகாலும் அந்த வழியைக் கண்டார்கள். ஒரு மூலக்கூறில் ஆக்ஸிஜனோடு ஒட்டியிருக்கும் ஒரு பகுதி, காரத்தின் தூண்டுதலால் அந்த இடத்தை விட்டுப் பக்கத்துக் கரியணுவுக்கு மாறி உட்காருகிறது. அதன் பிறகு அமிலம் சேர்த்தால் வளையம் மூடிக்கொள்கிறது. ஃப்ளேவோன் கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் வில்ஸன் பேக்கர் என்பவரும் அதே சமயத்தில் தனியாக இதைக் கண்டிருந்தார். ஆகவே இதற்கு பேக்கர் - வெங்கடராமன் மாற்றம் என்று பெயர் ஏற்பட்டது. உலகமெங்கும் ரசாயன மாணவர்கள் இன்றும் அந்தப் பெயராலேயே அதைப் படிக்கிறார்கள்.

பம்பாயில் 23 ஆண்டுகள்

துணி ஆலைகள் நிறைந்த பம்பாயில் 1933-ல் சர்வகலாசாலையின் ரசாயனத் தொழில்நுட்பத் துறை தொடங்கப்பட்டது. மும்பை ரசாயனத் தொழில்நுட்பக் கழகமாக இன்று விளங்குவது அதுவே. 1934-ல் வெங்கடராமன் அங்கே வந்து சேர்ந்தார். 1938-ல் அதன் தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

அங்கே அவர் கற்பித்தது சாயத்தின் உள்ளமைப்பு. உதாரணமாக, அனிலீனை ஐஸ் போட்டுக் குளிர வைத்து நைட்ரஸ் அமிலத்தோடு சேர்த்தால் டயஸோ உப்பு என்ற ஒன்று உண்டாகிறது. சூடு ஏறினால் அது சிதைந்துவிடும். குளிர்ச்சி மாறாமல் அதை நாஃப்தாலோடு கூட்டினால் நிறம் அந்தக் கணமே தோன்றுகிறது. உலகில் விற்கும் செயற்கைச் சாயங்களில் பெரும்பகுதி இந்த அஸோ இனத்தைச் சேர்ந்தது.

நம் கைத்தறி வீதிகளில் நாப்தால் சாயம் போடுகிறவர்கள் செய்வதும் இதுதான். நூலை முதலில் நாஃப்தால் கரைசலில் முக்குவார்கள். அப்போது அதில் சொல்லும்படியான நிறம் இராது. பிழிந்து இரண்டாவது தொட்டியில் போட்டதும் நூல் சிவந்துவிடும். நூலின் மேல் பூசிய சாயமன்று அது. நூலிலேயே பிறந்த சாயம். சில நாஃப்தால்கள் பருத்தியை விடாமல் பற்றிக்கொள்வதும் சில நழுவிவிடுவதும் ஏன் என்பது வெங்கடராமனும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று.

அவரிடம் பயின்றவர்கள் பலர் தொழிலிலும் ஆராய்ச்சியிலும் சிறந்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் பி. டி. திலக். பின்னாளில் குருவின் பதவிக்கே வந்தவர் அவர்.

திறந்த பெட்டி

இந்தச் சமயத்தில் உலகச் சாயத் தொழிலையே புரட்டிப் போட்ட சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. 1925-ல் ஜெர்மனியின் பெரிய ரசாயனக் கம்பெனிகள் ஒன்றுகூடி ஐ. ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் நிறுவனத்தை அமைத்திருந்தன. சாயத் தொழிலின் ரகசியங்களெல்லாம் அதன் பெட்டிக்குள் இருந்தன. 1945-ல் ஜெர்மனி தோற்றது. நேச நாடுகளின் நிபுணர்கள் அந்தத் தொழிற்சாலைகளுக்குள் புகுந்து, கணக்கையும் குறிப்பையும் எடுத்தார்கள். அவை அறிக்கைகளாக அச்சிடப்பட்டு வெளிவந்தன.

ஆனால் பெட்டி திறந்தால் மட்டும் போதுமா? ஏராளமான அறிக்கைகள், ஒழுங்கில்லாத குறிப்புகள், வியாபாரப் பெயர்கள். ஒரே சாயத்துக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர். எந்தப் பெயருக்குள் எந்த மூலக்கூறு இருக்கிறது, அதை எந்த இடைநிலைப் பொருளிலிருந்து எப்படிச் செய்தார்கள் என்று கண்டு சொல்ல ஆள் வேண்டும். நெல் குவிந்து கிடந்தாலும் தூற்றிப் பதர் நீக்கினால்தானே அரிசி!

அந்த வேலையை வெங்கடராமன் செய்தார். அந்த அறிக்கைகளையும், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையும், பேடண்டுகளையும் சலித்து எடுத்து ஒரு நூலாக்கினார். செயற்கைச் சாயங்களின் ரசாயனம் என்ற பொருள்படும் பெயரில் 1952-ல் நியூயார்க்கிலிருந்து இரண்டு பாகங்களாக அது வெளியாயிற்று. இடைநிலைப் பொருள்களில் ஆரம்பித்து ஒவ்வொரு சாய இனத்தையும் அதன் அமைப்போடு விளக்குகிறது அந்த நூல்.

அதன் மதிப்பு உடனே உணரப்பட்டது. ரஷ்ய மொழியில் அது பெயர்க்கப்பட்டது. பல நாட்டுச் சாய நிபுணர்களின் மேஜையில் அது இடம் பெற்றது. சாயத்தை இழந்த நாட்டிலிருந்து சாயத்தைப் பற்றிய பெருநூல் வந்தது என்பது சின்ன விஷயமன்று. கம்பெனிகளின் இரும்புப் பெட்டியில் இருந்த அறிவு, புத்தகசாலைக்குப் போகிற எந்த மாணவனும் எடுத்துப் படிக்கக்கூடிய அறிவாயிற்று.

நூல் வெளிவந்த அதே 1952-ல், குஜராத் பகுதியில் வல்ஸாட் அருகே கஸ்தூர்பாய் லால்பாய் நிறுவிய அதுல் சாயத் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அப்போதும் இந்தியத் தொழிற்சாலைகளுக்கு இடைநிலைப் பொருள்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. மாவை நாமே அரைக்க வேண்டிய காலம் மெல்ல மெல்லத்தான் வந்தது. அந்த வேலைக்கு ஆட்களைப் பழக்கியவர்களில் வெங்கடராமனுக்கு முதன்மையான இடம் உண்டு. பிற்காலத்தில் சாயமும் இடைநிலைப் பொருளும் ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகளில் ஒன்றாக இந்தியா உயர்ந்தது.

புனாவும் அரக்கும்

1957-ல் புனாவிலுள்ள தேசிய ரசாயனச் சோதனைச்சாலைக்கு அவர் தலைவராக நியமிக்கப்பட்டார். 1950-ல் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு அதுவரை வெளிநாட்டார் இருவர் தலைவர்களாக இருந்தார்கள். இங்கும் முதல் இந்தியத் தலைவர் அவர்தான். 1961-ல் மத்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. 1966-ல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் மாணவர் திலக்.

ஓய்வு என்பது உத்தியோகத்துக்கு மட்டும்தான். ஆராய்ச்சியை அவர் விடவில்லை. தம் பெருநூலுக்கு மேலும் ஆறு பாகங்களைப் பல நிபுணர்களின் கட்டுரைகளோடு தொகுத்தார். 1970 முதல் 1978 வரை அவை வெளிவந்தன. சாயங்களைச் சோதித்து அறியும் முறைகளைப் பற்றி இன்னொரு நூலை 1977-ல் தொகுத்து வெளியிட்டார்.

புனாவில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று மனத்தைத் தொடுவது. நம் நாட்டு மரங்களில் அரக்குப் பூச்சி உண்டாக்கும் அரக்கிலிருந்து ஒரு சிவப்புச் சாயம் கிடைக்கிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட சாயம் அது. அதன் மூலக்கூறு எப்படி அமைந்தது என்பது நெடுங்காலம் தெளிவாகாமல் கிடந்தது. வெங்கடராமனும் ஏ. வி. ராமராவ் முதலிய அவருடைய சகாக்களும் அந்த முடிச்சை அவிழ்க்க உழைத்து, அரக்குச் சாயத்திலுள்ள லாக்காயிக் அமிலங்களின் அமைப்பை வெளிப்படுத்தினார்கள். அதன் அடிப்படையும் ஆந்த்ரகுவினோன்தான். வண்ணாரப்பேட்டைத் துணியைச் சிவக்க வைத்த சாயவேருக்கும், ஜெர்மானியரின் கெட்டி நீலத்துக்கும், அரக்குப் பூச்சியின் சிவப்புக்கும் எலும்புக்கூடு ஒன்றே. செயற்கைச் சாயத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர், கடைசியில் இந்திய மரக்கிளையின் நிறத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய மகள் தர்மா குமார் பெயர் பெற்ற பொருளாதார வரலாற்று ஆசிரியை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை ராஜதானியில் நிலமும் சாதியும் எப்படி இருந்தன என்று ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1965-ல் வெளிவந்தது. தகப்பனார் பொருள்களின் அமைப்பை ஆராய்ந்தார்; மகள் சமூகத்தின் அமைப்பை ஆராய்ந்தார்.

1981-ம் ஆண்டு மே மாதம், 80 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாதபோது, டாக்டர் வெங்கடராமன் காலமானார்.

கெட்டிச் சாயத்தின் கடன்

சாயத்தின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பார்க்க மீண்டும் கொடுங்கையூருக்கே வர வேண்டும்.

சென்னையின் வடபாதியில் கழிக்கப்படுவதெல்லாம் பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில்தான் வந்து கொட்டப்பட்டது. கந்தல் துணிகளும் அதில் உண்டு. நூல் நைந்து போகும், நிறம் போகாது. வெளுக்காத சாயம் வேண்டும் என்றுதான் ரசாயனிகள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத சாயம், ஆற்றில் கலந்தாலும் எளிதில் அழியாது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக் கழிவு அப்படி வினையாக முடிந்ததனால்தான், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது.

இடைநிலைப் பொருள்களிலும் ஆபத்தானவை உண்டு. பென்ஸிடீன் என்பது பல அஸோ சாயங்களுக்கு மூலமாக இருந்தது. அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. சாயம் உடைந்து அத்தகைய பொருள்களை வெளிவிடும் என்று தெரிந்த பிறகு, 1990-களில் ஜெர்மனி அந்த வகைச் சாயங்களைத் தடை செய்தது. இந்தியாவும் அந்தப் பத்தாண்டிலேயே தடை விதித்தது.

எந்தச் சாயம் உடைந்தால் எந்தப் பொருள் வரும் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? அதன் அமைப்பு தெரிந்ததனால் சொல்ல முடிந்தது. வியாபாரப் பெயருக்குள் மூலக்கூறு ஒளிந்துகொண்டிருந்த வரையில், அதைத் தொட்ட கைகளுக்குத் தாம் தொடுவது இன்னதென்று தெரியாது. நிறத்தைச் செய்யும் வழியைத் திறந்து வைத்த அதே அறிவுதான், அதனால் வரும் தீமையைக் கண்டுபிடிக்கும் வழியையும் திறந்தது.

வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்தவர்களின் தொழிலை எவராலும் திருப்பித் தர முடியாது. அது எங்கே போயிற்று, எந்தக் கதவுக்குள் பூட்டப்பட்டது என்பதைக் கண்டு, அந்தக் கதவின் சாவியை எல்லோருக்கும் பொதுவாக்கியவர் டாக்டர் வெங்கடராமன். துணிக்கடையில் புடவையைப் புரட்டும் பெண்மணி சாயம் போகுமா என்று இன்றும் கேட்கிறாள். எங்கே போகும் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய காலம் இது. இரண்டுக்கும் விடை தேடுகிறவர்கள் அவர் திறந்து வைத்த புத்தகத்தையே முதலில் புரட்ட வேண்டும்.